தலைவர் இல்லாத ஊராட்சி, கலையாத கிராம சபை

இந்த எபிசோடைக் கேட்க நேரமில்லாதவங்களுக்காக, பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, "அப்புறம்", "வந்து", "அதாவது" எல்லாம் வெட்டி இங்க போட்டிருக்கேன்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு கார்ல போறவங்களுக்கு சிறுவாச்சூர் தெரிஞ்சிருக்கும். பெரம்பலூர் தாண்டி கொஞ்ச தூரத்துல, நெடுஞ்சாலை ஓரமா இருக்கிற ஊர். மதுரகாளியம்மன் கோயில் அங்கதான். வாரத்துல திங்கள், வெள்ளி ரெண்டு நாள்தான் வழக்கமா நடை திறப்பாங்க. மத்த நாள்ல அம்மன் மலையில இருக்கான்னு நம்பிக்கை. அதனால அந்த ரெண்டு நாள்ல வேன், பஸ், கார்னு ஊரே நிறைஞ்சிருக்கும். சித்திரை தேர் சமயத்துல கேட்கவே வேண்டாம்.

இந்த வருஷம் ஜனவரி 26 திங்கட்கிழமை வருது. கோயில் நடை திறக்கிற அதே நாள்ல, சிறுவாச்சூர் கிராம சபையும் கூடணும். பெரம்பலூர் மாவட்டத்துல இருக்கிற 121 ஊராட்சியிலும், பக்கத்து அரியலூர் மாவட்டத்தோட 201 ஊராட்சியிலும் அதே நாள்தான். லாங் வீக்கெண்ட்ங்கிறதால உங்கள்ல பாதிப்பேர் எப்படியும் ஊருக்குப் போவீங்க. அதனாலதான் இந்த வாரம் இந்த டாபிக்.

நிறையப் பேர் ஊராட்சி மன்றத்தையும் கிராம சபையையும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. மன்றம்னா நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற தலைவரும் வார்டு உறுப்பினர்களும். சபைன்னா ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாருமே. அரசியல் சாசனத்துல 73-வது திருத்தம் மூலமா, 1993 ஏப்ரல் 24-ல இது நடைமுறைக்கு வந்துச்சு. நம்ம மாநிலத்துல 1994-ஆம் வருஷத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அந்த வரையறைப்படி, ஓட்டு ஊர்ல இருந்தா நீங்க சபை உறுப்பினர். யாரும் உங்களை நியமிக்க வேண்டாம், கூப்பிடக்கூட வேண்டாம். நீங்க சோழிங்கநல்லூர்ல பிஜில இருந்தாலும் சரி, ஓட்டை இங்க மாத்தாத வரைக்கும் ஊர்ல உங்களுக்கு ஒரு சீட் காலியா கிடக்கு. எனக்கும் அந்தப் பக்கம்தான் ஓட்டு.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, மன்றத்துக்கு ஆயுள் அஞ்சு வருஷம். சபைக்கு அப்படி எதுவும் கிடையாது. இப்ப நடந்துட்டிருக்கிறதைப் பார்த்தா அந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு புரியும்.

தமிழ்நாட்டுல மொத்தம் 12 ஆயிரத்துக்கு மேல கிராம ஊராட்சி. 2019 டிசம்பர் 27, 30 தேதிகள்ல 27 மாவட்டங்களுக்கு உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு. பெரம்பலூரும் அரியலூரும் அதுல அடக்கம். அப்ப ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சுது. ஒரு வருஷம் தாண்டியாச்சு, தேர்தல் வரல. தலைவர் இடத்துல இப்ப தனி அலுவலர். கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பிடிஓ, அந்தப் பொறுப்பைப் பார்க்கிறார்.

இப்ப கணக்கைப் பாருங்க. பெரம்பலூர் ஒன்றியத்துல 20 ஊராட்சி. இருபது தலைவர்கள் பார்த்த வேலை ஒரு அலுவலர் மேசைக்கு வந்திருக்கு, அதுவும் அவரோட பழைய வேலைக்கு மேல. அவர் நல்லவரா கெட்டவராங்கிறது இங்க கேள்வியே இல்ல. மோட்டார் ரிப்பேர், தெருவிளக்கு எரியல, குழாய்ல தண்ணி வரலன்னா முன்னாடி தலைவர் வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தலாம். மறுபடி ஓட்டுக் கேட்டு வரணுமேங்கிற பயம் அவருக்கு இருக்கும். பிடிஓவுக்கு அந்தப் பயம் தேவையில்ல. வார்டு உறுப்பினரும் இல்ல. எங்க பக்கம் ஒரு பெரியம்மா சொன்னாங்க: "முன்னெல்லாம் திட்டறதுக்காவது ஆளு இருந்துச்சுப்பா." உள்ளாட்சி பத்தி நான் படிச்ச எந்தக் கட்டுரையும் இதை இவ்வளவு சுருக்கமா சொல்லல.

இது முதல் தடவையும் இல்ல. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய தேர்தலை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. அதுக்கப்புறம் மூணு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சிதான். முறையா தேர்தல் நடந்த உள்ளாட்சிக்குத்தான் மானியம்ங்கிறது மத்திய நிதிக்குழு வைக்கிற நிபந்தனை. அதனால அந்த வருஷங்கள்ல தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய உள்ளாட்சி மானியம் தேங்கி நின்னுச்சு. குடிதண்ணி, சுகாதாரம்னு ஊராட்சி செலவு பண்ற பணத்துல பெரிய பங்கு இந்த மானியம்தான். 15-வது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதத்தைத் தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்கணும்னே விதி. ஆக, தேர்தல் தள்ளிப்போறது ஏதோ கட்சிக்காரங்க கவலைன்னு விட முடியாது.

மன்றம் இல்லாத இந்த நேரத்துல, ஊர்ல மக்கள் கையில நேரடியா மிச்சமிருக்கிறது கிராம சபை மட்டும்தான்.

சபை என்ன பண்ணலாம்? ஊராட்சியோட வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தரலாம், தராமலும் இருக்கலாம். நலத்திட்டப் பயனாளிகள் பட்டியலைச் சரிபார்க்கலாம். (நூறு நாள் வேலைச் சட்டமே டிசம்பர்ல மாறிடுச்சு. அதுக்குத் தனி எபிசோட் வருது, கமெண்ட்ல கேட்காதீங்க.)

எதை எங்க கேட்கணும்ங்கிறதுலதான் நிறையப் பேருக்குக் குழப்பம். சிறுவாச்சூர் மாதிரி ஊரையே எடுத்துக்குவோம். திங்கள், வெள்ளி கூட்டம் போட்டுட்டுப் போற குப்பை தெருவுல கிடந்தா அது ஊராட்சி வேலை. கோயில் நிர்வாகம் இந்து சமய அறநிலையத் துறை. ஊர் ஓரமா ஓடற நாலுவழிச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையம். அங்க கிராசிங்ல விளக்கு வேணும்னா ஊராட்சியால நேரடியா போட முடியாது. பட்டான்னா வருவாய்த்துறை. ஏரியிலயும் ரெண்டு வகை இருக்கு. ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் கீழன்னா ஒன்றியம், மேலன்னா நீர்வளத்துறை. ஒரே தெருவுல நின்னுக்கிட்டு நாலு டிபார்ட்மெண்டைப் பார்க்கலாம். மைக்ரோ சர்வீஸ் ஆர்கிடெக்சர்னு நாம பெருமையா பேசறதை அரசாங்கம் எப்பவோ பண்ணிடுச்சு, டாக்குமெண்டேஷன் மட்டும்தான் இல்ல.

தெருவிளக்கு, குடிதண்ணி, சாக்கடை, குப்பை, உள் ரோடு, சுடுகாடு. இந்த ஆறுக்கும் சபையில தைரியமா பதில் கேளுங்க. மத்ததுக்கும் தீர்மானம் போடலாம், ஆனா அது அந்தந்தத் துறைக்குப் போற கோரிக்கை, உத்தரவு இல்ல.

"தீர்மானம் போட்டு என்னத்த ப்ரோ நடக்கப்போகுது"ன்னு ஒருத்தர் போன வாரமே மெசேஜ் பண்ணியிருந்தார். நியாயமான கேள்வி. ஒடிசாவுல நியம்கிரி மலை. அங்க பாக்சைட் சுரங்கம் வேணுமா வேண்டாமான்னு கிராம சபைகள் முடிவு பண்ணட்டும்னு 2013 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. பன்னெண்டு ஊர்ல சபை கூடுச்சு, பன்னெண்டும் வேண்டாம்னு சொல்லிடுச்சு. சுரங்கம் நின்னுச்சு. ஆனா அங்க வன உரிமைச் சட்டம் பின்னாடி இருந்துச்சு, எல்லா ஊருக்கும் அந்தப் பலம் இல்ல.

நம்ம பக்கத்துல அரிட்டாபட்டி. மதுரை மேலூர் வட்டாரத்துல சுமார் 5,000 ஏக்கர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலம். 2024 நவம்பர் 23 கிராம சபையில அரிட்டாபட்டியும் சுத்தியிருக்கிற ஊர்களும் எதிர்த்துத் தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9-ல சட்டமன்றத் தீர்மானம், ஜனவரியில மக்கள் பேரணி, 2025 ஜனவரி 23-ல மத்திய அரசு ஏலத்தையே ரத்து பண்ணுச்சு. தீர்மானம் மட்டும் இதைச் சாதிக்கல. ஆனா "உள்ளூர்ல எதிர்ப்பே இல்ல"ன்னு யாரும் சொல்ல முடியாதபடி, தேதியோட கையெழுத்தோட ஒரு ஆவணம் இருந்துச்சு. இன்னொரு பக்கம், பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிரா ஏகனாபுரம் சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கு, திட்டம் நிக்கல. ரெண்டையும் சேர்த்தே சொல்லணும்.

சரி, 26-ஆம் தேதிக்கு என்ன தயாரிப்பு? கூட்டம் நடக்கிற இடம், நேரம், பொருள் எல்லாம் ஏழு நாள் முன்னாடியே அறிவிக்கணும். வராத அறிவிப்பைப் போன் போட்டு ஊராட்சி செயலர்கிட்ட கேளுங்க. அடுத்து, இ-கிராம் ஸ்வராஜ் தளம். நிதிக்குழு மானியத்துல உங்க ஊருக்கு என்ன திட்டம் போட்டாங்க, எவ்வளவு பணம் எதுக்குப் போச்சுன்னு லாகின் இல்லாமலே பார்க்கலாம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம்னு டிராப் டவுன்ல போகணும். ஊர்ப்பேரை ஆங்கிலத்துல எப்படி எழுதியிருப்பாங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். ஒவ்வொரு ஊராட்சிக்கும் எல்ஜிடி கோடுன்னு ஒரு நம்பர் உண்டு, நம்ம பாஷையில பிரைமரி கீ. அதை ஒருதடவை குறிச்சு வெச்சுக்கிட்டா எல்லா அரசுத் தளத்துலயும் உதவும். அந்தப் பேஜைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. "இந்த ரோட்டுக்கு இவ்வளவு செலவுன்னு இருக்கே, எந்த ரோடு?"ன்னு மரியாதையா ஒரு கேள்வி கேட்டா போதும், கூட்டத்தோட டோன் மாறும்.

2025 அக்டோபர் 11 கூட்டத்துல ஊருக்கு அவசரமான மூணு தேவையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தாங்க. உங்க ஊர் எந்த மூணைச் சொல்லுச்சு, அது எந்த நிலையில இருக்குங்கிறதுதான் இந்தக் கூட்டத்துல கேட்க வேண்டிய முதல் கேள்வின்னு நான் சொல்வேன்.

கோரம் பத்தியும் சொல்லிடறேன். மக்கள்தொகை 500 வரைக்கும் 50 பேர், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300 பேர் வரணும். இந்த எண்ணிக்கையை எட்டத்தான் சில ஊர்ல வேலைக்கு வந்தவங்களை அப்படியே உட்கார வெச்சுக் கையெழுத்து வாங்கறது. வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடறது தப்பில்ல. ஆனா தீர்மானப் பதிவேட்டுல என்ன எழுதறாங்கன்னு அங்கேயே வாசிக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னது "குடிநீர்த் தொட்டி கட்ட வேண்டும்"னா, அது "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு ஆகிடக் கூடாது. முதல்ல சொன்னது கோரிக்கை, ரெண்டாவது வெறும் நாட்குறிப்பு.

நகரத்துல ஓட்டு இருக்கிறவங்களுக்கு இதுக்கு இணையா ஏரியா சபை வந்திருக்கு. முதல் தடவை 2022 நவம்பர் 1-ல நடந்துச்சு, முதல்வர் ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியில பம்மல் கூட்டத்துல கலந்துக்கிட்டார். ஆனா அது பரிந்துரை சொல்ற இடம். கிராம சபை மாதிரி கணக்கைப் பார்த்து ஒப்புதல் தர்ற அதிகாரம் அதுக்கில்ல. நகராட்சியோட இணைக்கப் போற ஊராட்சிகள்ல 2025 ஜனவரி 26 கூட்டங்கள்ல ஏன் அவ்வளவு எதிர்ப்புத் தீர்மானம் வந்துச்சுன்னா, வரி ஏறும், நூறு நாள் வேலை போகும்ங்கிறது மட்டும் காரணமில்ல. சபையும் போகும். பெரம்பலூர் மாதிரி வளர்ற டவுனைச் சுத்தி இருக்கிற ஊர்க்காரங்க இந்த விஷயத்துல கண்ணு வெச்சிருக்கணும்.

ஒரு பிடிஓவால ஒரே நேரத்துல 20 ஊர்ல இருக்க முடியாதில்லையா, அதனால ஒவ்வொரு கூட்டத்துக்கும் பற்றாளர்னு ஒரு அலுவலரை அனுப்புவாங்க. அவர் பேரையும் துறையையும் முதல்லயே கேட்டுக் குறிச்சுக்குங்க, பின்னாடி தீர்மான நகல் கேட்கும்போது தேவைப்படும். பெரும்பாலும் காலையில 11 மணிக்கு ஆரம்பிப்பாங்க. சிறுவாச்சூர் பக்கம் போறவங்க சீக்கிரமே கிளம்பிடுங்க. அன்னைக்கு திங்கள், கோயில் கூட்டத்துல பார்க்கிங் கிடைக்காது.