வாரக் குளிசையும் ஆடுகின்ற பல்லும்

சொல்லாமல் விடும் மருந்து

கற்பிட்டியிலிருந்தும் உடப்பிலிருந்தும் முந்தலிலிருந்தும், வீங்கிய கன்னத்தை முந்தானையால் பொத்தியபடி வந்துசேரும் வயோதிக மாதர்களிடம், என்னென்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று வினவினால், பிரஷருக்கும் சீனி வியாதிக்கும் உரியவற்றை வரிசையாக ஒப்புவிக்கிறவர்கள், எலும்புத் தேய்வுக்காக வாரமொருமுறை வெறுவயிற்றில் விழுங்கும் குளிசையை மட்டும் மறந்துவிடுகிறார்கள். கேட்டால், "அது எலும்புக்கு டொக்டர், பல்லுக்கில்லையே!" என்று பதில் வருகிறது. பல்லைத் தாங்கி நிற்பதும் எலும்புதானே, தாயே!

அஞ்சத்தக்கது எவ்வளவு?

அந்த வாரக் குளிசையான அலென்ட்ரோனேட், ஆண்டுக்கொருமுறை ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கொருமுறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகியவற்றைப் பெறுவோரில் மிகச் சிலருக்கு, பல் கழற்றிய குழி ஆறாமல், தாடையெலும்பு எட்டு வாரங்களுக்கு மேலும் வெளித்தெரிந்து நிற்பதுண்டு. 2003ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை வைத்தியர் ராபர்ட் மார்க்ஸ் இவ்வகை நோயாளரைப் பற்றி எழுதியதன் பின்னரே உலகம் இதனைக் கவனித்தது. ஆயினும், எலும்புத் தேய்வுக்குக் குளிசை உண்போரில் இது ஏறத்தாழ 10,000 பேருக்கு 5 பேர் என்னும் அளவைத் தாண்டுவதில்லை. புற்றுநோய்க்காகப் பெருமாத்திரையில் இம்மருந்துகளைப் பெறுவோருக்கே அபாயம் அதிகம்.

தாமே நிறுத்துவோரும் தொடவே அஞ்சுவோரும்

பல் கழற்றுவதற்காகச் சென்ற வாரக் குளிசையை நிறுத்திவிட்டேன் என்று பெருமிதத்தோடு சொல்பவர்கள் உளர். அலென்ட்ரோனேட் எலும்பினுள் வருஷக்கணக்காகத் தங்கும் ஔஷதமாதலால், ஒரு வாரம் நிறுத்துவதால் யாதொரு பிரயோசனமும் இல்லை. டெனோசுமாப்பின் குணமோ விரைவில் அற்றுப்போவதால், தவணையைத் தாமே தள்ளிப்போடுவோருக்கு முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கவுங்கூடும். நிறுத்துவதா, பல் வேலைக்கு எந்த மாதம் உகந்தது என்பனவற்றை பல் வைத்தியரும் எலும்பு மருந்து தரும் வைத்தியரும் கலந்து தீர்மானிக்கட்டும்.

இவர்களுக்கு நேர்மாறாக, இம்மருந்து உண்பவர் பல்லில் கை வைக்கவே கூடாதென்று யாரோ சொன்னதை நம்பி, சூத்தைப் பல்லைச் சீழ் வைக்க விடுவோரும் உளர். ஆறாத தாடைப் புண்ணுக்கு அந்தச் சீழே பெருங்காரணமாகும் என்பதை எத்தனை முறைதான் சொல்லுவது!

கராம்பும் புகையிலையும்

கராம்பெண்ணெய் நோவை மரக்கச் செய்யுமேயன்றிச் சூத்தையை மாற்றாது. மிகுதியாக ஊற்றினால் முரசு வெந்துபோகும். பல்லிடுக்கில் வைக்கும் அஸ்பிரினும் அப்படியே. புகையிலை அடக்குவதோ ஒரு நோவைத் தணிக்கப் புற்றுநோயை அழைப்பதாகும். மத்திய கிழக்கிலிருந்து மகள் அனுப்பிய அன்டிபயோட்டிக்கில் எஞ்சிய நாலு குளிசையை விழுங்கிவிட்டு வருகிறவர்களிடம் நான் என்ன சொல்ல? உப்புக்குப் பஞ்சமில்லாத புத்தளத்தில், இளஞ்சூட்டு உப்புநீரால் கொப்பளிப்பதை மட்டும் நான் தடுப்பதில்லை.



ஒரு வேண்டுகோள்

எலும்பு மருந்தை ஆரம்பிக்குமுன், கழற்ற வேண்டிய பல்லைக் கழற்றி, முரசை உரசும் பொய்ப்பற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டவர்கள், இரவிலும் பல் துலக்கி, ஆறு மாதத்துக்கொருமுறை வாயைக் காட்டுங்கள். தாய்மாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பல் ஆடத் தொடங்கினால், கன்னம் வீங்கும்வரை காத்திராமல், கிளினிக் கொப்பியோடு அந்த வாரக் குளிசையின் வெற்று அட்டையையும் முந்தானையில் முடிந்துகொண்டு வாருங்கள்.