நாய்க்கும் கணையம் கெடும்: எண்ணெய்ப் பலகாரம் போடாதீங்க



கறவை மாடு, ஆடு, கோழி என்று இந்த மடலில் பலமுறை எழுதியிருக்கிறோம். நாயைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. "நாய்க்கெல்லாம் ஒரு கட்டுரையா" என்று சிரிக்க வேண்டாம். கருவடிக்குப்பத்தில் ஒரு குழுவில் இந்த விஷயம் தீர்மான நோட்டு வரைக்கும் போனது.

அந்தக் குழுவில் ஓர் அக்கா. கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். குழுக் கடன் வாங்கி வீட்டு வாசலிலேயே இட்லி, வடை, பஜ்ஜி போட்டு விற்கிறார். விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு பற்ற வைக்கும்போது அவருக்குத் துணை மணி என்கிற நாய்தான். எட்டு வயசு. விற்காத வடை, பஜ்ஜித் தூள், சட்னி வழித்த தட்டு எல்லாம் மணிக்குத்தான். உருண்டு திரண்டு நடக்கும். "எங்க மணி நல்லா கொழுகொழுன்னு இருக்கான்" என்று அக்காவுக்குப் பெருமை. கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் நாங்களும் அதற்கு பிஸ்கட் போட்டவர்கள்தான்.

பக்கத்து வீட்டில் காதுகுத்து. மிச்சமான பிரியாணியும் ஆட்டுக் கொழுப்பும் ஒரு சட்டி நிறைய மணிக்கு வந்தது. மறுநாள் காலையில் வாந்தி. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. சாயங்காலம் முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கியபடி அப்படியே நின்றது. தெருப் பிள்ளைகள் "மணி சித்தானந்தர் சாமியக் கும்பிடுது" என்று கைதட்டிச் சிரித்தார்கள். அது கும்பிடவில்லை. வயிற்று வலி தாங்காமல் நாய்கள் நிற்கும் நிலை அது. யாருக்கும் தெரியவில்லை. வயிறு சுத்தமாகட்டும் என்று அக்கா விளக்கெண்ணெய் வேறு ஊற்றிவிட்டார். எரிகிற கொள்ளியில் எண்ணெய் என்பது இங்கே நிஜமாகவே நடந்தது.

மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துவிட்டுச் சொன்ன பெயர் கணைய அழற்சி. கணையம் என்ற பெயரை சர்க்கரை நோய் முகாமில் கேட்டிருப்பீர்கள். இன்சுலின் சுரக்கும் அதே உறுப்புதான். இரைப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரையும் அதுதான் சுரக்கிறது. சாதாரணமாக அந்த நீர் குடலுக்குப் போன பிறகுதான் வேலை செய்யும். இந்த நோயில் கணையத்துக்குள்ளேயே வேலையை ஆரம்பித்துவிடும். அதாவது கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும். வீக்கம், கடும் வலி, நீரிழப்பு என்று போய், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். ஏன் வந்தது என்று எல்லா நாய்க்கும் காரணம் சொல்ல முடியாது. ஆனால் உடம்பு பெருத்த நாய், நடுவயசு தாண்டிய நாய், திடீரென்று நிறையக் கொழுப்புத் தின்ற நாய், இவற்றுக்கு ஆபத்து அதிகம். மணிக்கு மூன்றும் பொருந்தியது.

வாந்தி என்றாலே இந்த நோய்தான் என்று நினைக்க வேண்டாம். குட்டிகளுக்கு வரும் பார்வோ, எலிக் காய்ச்சல், விஷம், எதுவாகவும் இருக்கலாம். அதனால் வீட்டு வைத்தியம் செய்து நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் பக்கத்தில் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே மருத்துவமனையும் உண்டு. மெடிக்கலில் ஆளுக்கு வாங்கும் வலி மாத்திரையை மட்டும் நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அதுவே கொன்றுவிடும்.

மணிக்கு மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றி, வாந்திக்கும் வலிக்கும் ஊசி போட்டார்கள். முன்பெல்லாம் இந்த நோய்க்கு நாள் கணக்கில் பட்டினி போடுவார்கள். இப்போது அப்படி இல்லை. வாந்தி அடங்கியதும் கொழுப்பில்லாத சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

செலவுக்குப் பணம்? அக்கா குழுவில் உள்கடன் கேட்டார். "மனுஷங்க வைத்தியத்துக்கே பத்தல, நாய்க்குக் கடனா?" என்று ஒருவர் கேட்க, "ராத்திரி பகலா அவ கடைக்குக் காவல் மணிதானே, அதுவும் தொழில் செலவுதான்" என்று இன்னொருவர் சொல்ல, ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் 3,000 ரூபாய் கொடுத்தார்கள். நாங்கள் அன்று வாய் திறக்கவில்லை. ஆனால் இரண்டாவது பேசியவர் சொன்னதுதான் சரி என்பது எங்கள் எண்ணம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான வேலை. குழைய வேகவைத்த சோறு, தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி. கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஆறிய பிறகு மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட வேண்டும். கூடவே வேகவைத்த பரங்கிக்காய் அல்லது கேரட். எண்ணெய், தேங்காய், வெண்ணெய், மசாலா எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் எந்த நாய்க்குமே ஆகாது. ஒரே வேளையாகக் கொட்டாமல் நாலு வேளையாகப் பிரித்துக் கொடுத்தார். சோறும் கறியும் மட்டுமே மாதக் கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து போன்றவை குறையும். அதற்கு என்ன சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொழுப்புக் குறைந்த நாய்த் தீனியும் விற்கிறார்கள், விலைதான் அதிகம்.

அடுத்தது எடை. உங்கள் நாயின் விலா மேல் கையை வைத்துப் பாருங்கள். லேசாகத் தடவினாலே எலும்பு தட்டுப்பட வேண்டும். மேலே இருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். மணிக்கு இரண்டும் இல்லை. 16 கிலோ இருந்தது. 13 போதும் என்றார் மருத்துவர். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ குறைந்தால் போதும். 16 கிலோ நாய்க்கு அது 160 முதல் 320 கிராம். அவசரப்பட்டுப் பட்டினி போடக் கூடாது. எடை போடுவது சுலபம். நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை எடை மெஷினில் ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். சோற்றைக் கண் அளவில் போடாமல் ஒரே டம்ளரால் அளந்து போட்டார். வியாபாரம் முடிந்ததும் கயிற்றைப் பிடித்து மெதுவாக ஒரு நடை, முதலில் பத்து நிமிஷம், பிறகு அரை மணி.

இரண்டாவது மாதம் எடை இறங்கவே இல்லை. அளவு சரிதான், நடையும் சரிதான். பிறகுதான் தெரிந்தது, டீக்கடையில் தினமும் இரண்டு பொறை, எதிர்வீட்டுப் பாட்டி ஒரு பால் பன். எல்லாரும் பாசத்தில் போடுவதுதான். அக்கா சண்டை போடவில்லை. வடைக் கடை வாசலில் ஓர் அட்டையில் "மணிக்கு உடம்பு சரியில்லை, எதுவும் போடாதீங்க" என்று எழுதித் தொங்கவிட்டார். படிக்கத் தெரியாத பாட்டிக்கு நேரில் போய்ச் சொன்னார்.

நாலரை மாதத்தில் 13 கிலோ 200 கிராம். இந்த நோய் ஒரு தடவை வந்தால் மறுபடி வரலாம், தொடர்ந்து கணையம் கெட்டால் நாய்க்கும் சர்க்கரை நோய் வரலாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அதனால் அட்டை இன்னும் தொங்குகிறது. உள்கடனில் இன்னும் இரண்டு தவணை பாக்கி. மிச்ச வடையை இப்போது அக்கா கடைசி அரை மணி நேரத்தில் விலை குறைத்து விற்றுவிடுகிறார்.