இணைப்பில்லாத கணனியும் பச்சை அடையாளமும்

கண்டி கொட்டுகொடெல்ல வீதியிலும் அக்குறணையிலும் நம்மவர் கடைகள் பலவற்றில் பில் போடும் கணனிக்கு இணைய இணைப்புக் கொடுப்பதில்லை. வேலைக்கு நிற்கும் பையன் பேஸ்புக் பார்ப்பான் என்பது ஒரு காரணம். (சில கடைகளில் பார்ப்பவர் முதலாளிதான்.) இணைப்பு இல்லாவிட்டால் வைரஸ் வராது என்பது மற்றக் காரணம். இப்படியான கணனியில் அன்டி வைரஸ் ஸ்கேன் சரியாக வேலை செய்யுமா?

வேலை செய்யும். ஆனால் பழைய அறிவோடுதான். அன்டி வைரஸ் தன்னிடமுள்ள வைரஸ் அடையாளப் பட்டியலோடு கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிறது. பட்டியல் கணனிக்குள்ளேயே இருப்பதால் ஒப்பிடுவதற்கு இணையம் தேவையில்லை. பட்டியலைப் புதுப்பிக்கத்தான் தேவை. ரமழானில் புதுப்பித்த பட்டியலை வைத்து ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஸ்கேன் செய்தால், இடையில் புதிதாக வந்தவற்றில் பலவற்றை அது அறியாது. ஒன்றுமில்லை என்று பச்சை அடையாளம் காட்டிவிடும். வின்டோஸுடன் இலவசமாக வரும் மைக்ரோசொப்ட் டிபென்டருக்கு ஒரே நாளில் பல தடவை புதிய பட்டியல் வெளியாகிறது. சந்தேகமான கோப்பை நிறுவனத்தின் சேர்வரிடம் உடனே விசாரிக்கும் வசதியும் இணைப்பு இருந்தால் மட்டுமே.

இணைப்பில்லாவிட்டால் வைரஸ் வராது என்பதும் சரியல்ல. ஈரானின் நதன்ஸ் அணு நிலையத்தில் இயந்திரங்களை இயக்கிய கணனிகள் இணையத்தோடு தொடர்பற்றவை. 2010இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட், பென் ட்ரைவ் வழியாகவும் பரவக்கூடியது. அங்கும் புகுந்துவிட்டது. நம் கடைக்கோ கணக்காளரின் பென் ட்ரைவ், விலைப்பட்டியல் கொண்டுவரும் ஏஜன்டின் பென் ட்ரைவ், போட்டோ கொப்பிக் கடைக்குப் போய்வந்த பென் ட்ரைவ் எல்லாம் வருகின்றன.

ஆகவே வாரம் ஒருமுறையாவது கைபேசி ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்துப் பட்டியலைப் புதுப்பியுங்கள். அதற்கும் மனமில்லையென்றால் மைக்ரோசொப்ட் இணையத்தளத்திலிருந்து வேறொரு கணனியில் பட்டியலை இறக்கி, சுத்தமான பென் ட்ரைவில் கொண்டுவந்து ஏற்றலாம். ஸ்கேனை ஆரம்பிக்குமுன் பட்டியலின் திகதியைப் பாருங்கள். டிபென்டரில் 'ஒப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து, இணையமில்லாதவர்களுக்கானது என்று எண்ண வேண்டாம். வின்டோஸ் தொடங்குமுன் தேடுவதற்கான ஏற்பாடு அது.

ஸ்கேன் எதையாவது தவறவிட்டால் மிஞ்சுவது பிரதி மட்டும்தான். 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் லங்கா கவர்மன்ட் கிளவுட் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. சுமார் 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்குப் பிரதி இருக்கவில்லை. கடன் கணக்கும் சரக்கிருப்பும் போய்விட்டால் ஸகாத்தைக்கூடக் குத்துமதிப்பாகத்தான் பார்க்க வேண்டிவரும். எனவே கடை பூட்டுமுன் கணக்கைத் தனி ட்ரைவில் கொப்பி எடுத்து, அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். செருகியபடியே விட்டால் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.