கணக்குத் தாளில் கசியும் ரகசியம்

அமெரிக்கக் கல்லூரிகளின் மாணவர் நல மையங்களில் கருத்தடை மாத்திரை கேட்டுப் போகும் பெண்ணுக்குப் பெரிய சோதனைகள் எதுவும் இல்லை. ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். புகைபிடிப்பதுண்டா, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்த உறைவு வந்ததா, கண்ணில் மின்னல் வெட்டுவதுபோலத் தொடங்கும் ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்பார்கள். மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் என்பதால்தான் இத்தனை விசாரணை. 1960-ல் கருத்தடைக்கென அனுமதி பெற்ற ஈனோவிட் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்று பெரும்பாலான மாத்திரைகளில் 35 அல்லது அதற்கும் குறைவு. வேலை மட்டும் அதேதான்: பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி, சினைமுட்டை வெளிவராமல் தடுப்பது.

மருந்தைவிட ரகசியத்தின் கதைதான் சிக்கலானது. 1965-ல் பிரவுன் பல்கலைக்கழக மருத்துவர் ஒருவர், 21 வயதைக் கடந்த, மணமாகாத இரண்டு மாணவிகளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தது மாணவர் பத்திரிகையில் வெளிவந்து ஊரே கொந்தளித்தது. தம்பதியரின் கருத்தடை உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றதும் அதே ஆண்டுதான். மணமாகாதவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1967-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய கருத்தடை உரிமைப் போராளி பில் பேர்ட், கூட்டத்திலிருந்த ஓர் இளம்பெண்ணிடம் கருத்தடை நுரை மருந்தைக் கொடுத்துக் கைதானார். அந்த வழக்கில் 1972-ல் வந்த தீர்ப்புதான் மணமாகாதவர்களுக்கும் கதவைத் திறந்தது.

இன்று 18 வயது நிரம்பிய மாணவியின் சிகிச்சை பற்றி மருத்துவர் அவளைக் கேட்காமல் வீட்டுக்குச் சொல்வதில்லை. சொல்லிவிடுவது இன்சூரன்ஸ். 2010-ம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பிள்ளைகளை 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டிலேயே இருக்கவிட்டது. பெரும்பாலான காப்பீடுகளில் கருத்தடைச் செலவும் இலவசமானது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்குத் தாளைக் காப்பீட்டு நிறுவனம் வழக்கமாக அனுப்புவது பாலிசிதாரருக்கு, அதாவது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ. சட்டம் தந்த சலுகையே காட்டிக்கொடுக்கிறது!

சிகிச்சை பெற்றவர் அந்தத் தாளைத் தன் முகவரிக்கே அனுப்பச் சொல்லும் உரிமையைக் கலிபோர்னியா 2013-ல் இயற்றிய சட்டம் வலுப்படுத்தியது. ஆனால் அப்படிக் கேட்கலாம் என்று மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் பில் போவதற்கு முன்பே. அதனால்தான் காப்பீட்டு அட்டையை நீட்டாமல் கையிலிருந்து காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நல மையத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதற்கான பில் யார் பெயருக்குப் போகும்?" என்பதே.

2024-ல் இன்னொரு வழி வந்தது. ஓபில் என்ற மாத்திரை மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை, புரோஜெஸ்டின் மட்டுமே. கருப்பை வாயிலுள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவின் வழியை அடைக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் அடுத்த 2 நாளைக்கு ஆணுறை போன்ற வேறு தடுப்பும் வேண்டும். கணக்குத் தாள் வீட்டுக்குப் போகாது. ஒரு மாத அட்டை சுமார் 20 டாலர், மாணவியின் சொந்தப் பணம்.