மீன் வறுவல்... நாக்கு சுருக்கென்றதா?

திருத்தணி மலையில் 365 படி இறங்கினதும் பசி கிள்ளும். 'அதான் தரிசனம் முடிஞ்சுதே!' என்று சாலையோர மெஸ்ஸில் மீன் வறுவல் கேட்பவர்கள் உண்டு. கடல் எங்கே, திருத்தணி எங்கே! மீன் ஐஸ் பெட்டியில்தான் வந்தாகணும். ஐஸ் போதாமல் போனால் கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களில் 'ஹிஸ்டமின்' சேர்ந்துவிடும். கொதிக்கிற எண்ணெயில் பொரித்தாலும் அது அழியாது. (எலுமிச்சை பிழிந்தாலும்தான்.) சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். 'எனக்கு மீனே ஒத்துக்காது' என்று அன்றோடு மீனை விட்டவர்கள் பலர், பாவம்! அது அலர்ஜிதானா, கெட்ட மீனின் வேலையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மிளகைக் கடித்த மாதிரி நாக்கு சுருக்கென்றால் தட்டை நகர்த்திவிடுங்கள். எல்லா நேரமும் நாக்கு சொல்லாது. மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.