லாரி நகரும் முன்னே

ஹைதராபாத்தைச் சுற்றி மேட்சல், ஷம்ஷாபாத், பட்டான்செரு பக்கங்களில் பெரிய கிடங்குகள் இருக்கின்றன. அங்கே சுமை தூக்கும் தொழிலாளிகளை 'ஹமாலி' என்று அழைப்பார்கள்.

முன்பு எல்லா மூட்டையும் அவர்கள் முதுகில்தான் ஏறும். இப்போது பல கிடங்குகளில் போர்க்லிப்ட் வண்டி வந்துவிட்டது. அதன் முன்னால் இரண்டு இரும்புக் கரங்கள் இருக்கும். அவை சுமையைத் தூக்கும்.

முதுகு வலி குறைந்தது. ஆனால் புது ஆபத்து வந்தது.

இந்த வண்டி பார்க்கச் சிறியது. ஆனால் 2 டன் தூக்கும் வண்டியின் எடை 3 டன்னுக்கு மேல். அது காலில் ஏறினால் கால் என்ன ஆகும்?

காரில் முன் சக்கரம் திரும்பும். இதில் பின் சக்கரம் திரும்பும். அப்போது வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் வீசும். அருகில் நிற்பவரைச் சுவரோடு நசுக்கிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வண்டி லாரிக்குள் ஏறும் நேரம். அப்போது லாரி நகர்ந்தால், வண்டி இடைவெளியில் கவிழ்ந்துவிடும்.

இதைத் தடுக்க முடியாதா? முடியும்.

1. லாரிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வேலை முடியும் வரை லாரிச் சாவி டிரைவரிடம் இருக்கக் கூடாது.
2. ஆள் நடக்கும் வழிக்கும் வண்டி ஓடும் வழிக்கும் தனித்தனியாகக் கோடு போட வேண்டும்.
3. தூக்கிய சுமைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது.
4. பயிற்சி பெற்றவர் மட்டுமே ஓட்ட வேண்டும். பெல்ட் போட வேண்டும். வண்டி கவிழ்ந்தால் வெளியே குதிக்கக் கூடாது. குதித்தவர் மேலேயே வண்டி விழும்.

அப்படியும் அடிபட்டால்?

இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்தவருக்கு இலவச சிகிச்சை உண்டு. ஹைதராபாத் சனத்நகரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இந்த உரிமை உண்டு. 'நீ காண்டிராக்ட் ஆள்' என்று சொல்லிக் கைகழுவ முடியாது.

இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும். இதற்கு 1923 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. இன்று அந்த உரிமை 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது.

விபத்து நடந்தால் உடனே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். தேதி, நேரம், இடம் சரியா என்று பாருங்கள். எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கக் கற்றது இதற்கும்தான்.