ஊசி முனையில் இளமை

நரை, திரை, மூப்பு என்று நம் பெரியோர் வரிசைப்படுத்திச் சொல்லி வைத்தார்கள். நரைக்கு மை வந்து நெடுநாளாயிற்று. திரைக்கு இப்போது ஊசி வந்திருக்கிறது. கத்தியின்றிக் கால் மணி நேரத்தில் முகச் சுருக்கத்தைப் போக்குகிறார்கள் என்று கேட்டதும், அதன் பூர்வ கதையை விசாரிக்க நமக்கு ஆவல் உண்டாயிற்று. விசாரித்ததில் முதலில் அகப்பட்டது மெழுகு.

1899-ஆம் வருஷம் வியன்னா நகரத்து ரண வைத்தியர் ராபர்ட் கெர்ஸுனி, பாரபின் குழம்பை ஊசி வழியே உடலுக்குள் செலுத்திக் காட்டினார். உடனே பலர் அதைச் சப்பை மூக்குக்கும் குழிந்த கன்னத்துக்கும் உபயோகிக்கத் தொடங்கினார்கள். கிளாடிஸ் டீகன் என்ற அமெரிக்க மாது பேரழகி என்று பெயரெடுத்தவர். கிரேக்கச் சிலைக்கு இருப்பது போல் மூக்கு நேர்கோடாக இருக்கவேண்டுமென்று இருபத்திரண்டாவது வயதையொட்டி மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு நாளடைவில் மோவாயை நோக்கி இறங்கிவிட்டது! 1921-ல் மார்ல்பரோ பிரபுவை மணந்து சீமாட்டியானார். 1977-ல் காலமாகும் வரை அந்த முகத்துடனேயே வாழ்ந்தார். உள்ளே போன மெழுகு கட்டிதட்டிப் போகும். கத்தி வைத்தாலும் முழுவதும் வராது.

மெழுகுக்குப் பின் வந்தது விஷம். ஜெர்மனியில் கெட்டுப்போன இறைச்சிப் பண்டத்தைத் தின்று ஜனங்கள் மாண்டதைக் கண்டு, கவியும் வைத்தியருமான யூஸ்டினஸ் கெர்னர் 1820-ஐ அடுத்து ஆராய்ச்சி செய்தார். அந்த விஷத்தைத் தாமே சிறிது உட்கொண்டும் பார்த்தார். கவிகளுக்குத் துணிச்சல் அதிகந்தான்! அது நரம்பின் கட்டளை தசைக்கு எட்டாதபடி தடுத்துவிடுகிறது. ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஆலன் ஸ்காட் இதைக் கொண்டு மாறுகண்ணைச் சரிப்படுத்தினார்.

1987-ல் கனடா தேசத்து வான்கூவரில், கண் வைத்தியர் ஜீன் கருதர்ஸ் அம்மையார் இமைத் துடிப்புக்கு இதே ஊசியைப் போட்டு வந்தார். ஒரு நாள் நோயாளிப் பெண்மணி ஒருவர், இம்முறை புருவ மத்தியில் போடவில்லையே என்று குறைப்பட்டுக் கொண்டார். அங்கே போட்டால் முகத்தில் கவலைக்குறி மறைகிறதாம். அம்மையாரின் கணவர் அலஸ்டர் சரும வைத்தியர். பிறகு கேட்கவேண்டுமா? வைத்தியசாலையில் வரவேற்பு வேலை பார்த்த பெண்மணி முதலில் நெற்றியைக் கொடுத்தார், அம்மையாரும் போட்டுக்கொண்டார். 2002-ல் அமெரிக்க அரசாங்கம் புருவச் சுருக்கத்துக்கு இதை அங்கீகரித்தது. 'போடாக்ஸ்' என்று வழங்குவது இதுவே. ஒரு தடவைக்குச் செல்லும் விஷம், கடுகை லக்ஷம் கூறாக்கினால் ஒரு கூறு கூட இராது. மூன்று நான்கு மாதத்தில் பலன் தீர்ந்து, சுருக்கம் திரும்பி வரும். பணமும் திரும்பச் செலவாகும்.

குழிகளை நிரப்ப இன்று மெழுகுக்குப் பதிலாக ஹையலூரானிக் அமிலக் கூழ் வந்திருக்கிறது. 1934-ல் நியூயார்க்கில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த வஸ்து அது. நம் தேகத்திலும் இயற்கையாக இருப்பதால் மெல்லக் கரைந்துவிடும். கோணலாகிவிட்டால் உடனே கரைக்கவும் மருந்துண்டு. கிளாடிஸ் அம்மாளுக்குக் கிட்டாத பாக்கியம்!

ஆயினும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மூக்கருகிலும் புருவ மத்தியிலும் ஓடும் ரத்தக் குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடர்புள்ளவை. ஊசி தவறிக் குழாய்க்குள் கூழ் புகுந்தால் கண் பார்வை போய்விடும். போனது பெரும்பாலும் மீள்வதில்லை. அபூர்வமே என்றாலும், தேர்ந்த வைத்தியர்களிடமும் நேர்ந்திருக்கிறது. ஊசி போடுகிறவர் பட்டம் பெற்ற வைத்தியரா, கரைக்கும் மருந்து அவர் கைவசம் உண்டா, புட்டியில் இருப்பது என்ன என்று நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மலிவு என்று சொல்லி ஸிலிகோன் எண்ணெயை ஏற்றுகிற போலிகள் இன்றும் பல தேசங்களில் இருக்கிறார்கள். அந்த எண்ணெயும் மெழுகைப் போலத்தான், கரைவதில்லை.